ஓட்டக்காரர் முழங்கால் வலி

அடி எதுவும் படாமல், ஓட்டத்தினாலேயே வந்து வாரக்கணக்கில் நீடிக்கும் முட்டிவலி. முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வலிப்பது ஒரு வகை. படி இறங்கும்போதும் குத்துக்காலிட்டு உட்காரும்போதும் கூடும். முட்டியின் வெளிப்பக்கத்தில் சுருக்கென்று குத்துவது மற்றொன்று. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கும் நார்ப்பட்டை முட்டியருகே திசுக்களை அழுத்துவதால் வருவது இது.

1906இல் பியூடிங்கர் என்ற மருத்துவர் சில்லின் பின்புறக் குருத்தெலும்பில் வெடிப்புகளைக் கண்டு எழுதினார். 1928இல் ஆலமன் என்ற மருத்துவர் அக்குருத்தெலும்பு மென்மையாகிப் போவதை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம், முட்டியின் முன்புற வலிக்கெல்லாம் தேய்ந்த குருத்தெலும்பே காரணம் என்று கருதி அதைச் சுரண்டி எடுத்தார்கள். ஆனால் குருத்தெலும்பில் நரம்பே இல்லை. மூட்டுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் காலம் வந்தபோது, வலியுள்ள பலரின் குருத்தெலும்பு நன்றாகவே இருந்தது. சிதைந்திருந்த பலருக்கு வலியே இல்லை.

நார்ப்பட்டை வலியை 1975இல் ரென் என்ற மருத்துவர் அமெரிக்க மரைன் படையில் பயிற்சி பெற்றுவந்த வீரர்களிடம் கண்டு பதிவு செய்தார். பட்டை எலும்பில் உராய்கிறது என்றார் அவர். அது உராய்வல்ல, அழுத்தமே என்பதை 2006இல் வெளிவந்த உடற்கூற்று ஆய்வு காட்டியது. இரு வகை வலிக்கும், உடல் பழகும் முன்னே ஓட்டம் கூடிவிடுவதுதான் மூலக் காரணம்.

புதுச்சேரிப் பகுதியில் இவ்வலி இரு சாராரைத் தொடுகிறது. 2008 முதல் ஆரோவில்லின் செம்மண் பாதைகளில் நடக்கும் மாரத்தானுக்குப் பயில்வோர் ஒரு சாரார். இராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகவும் காவலர் தேர்வுக்காகவும் அறிவிப்பு வந்த பிறகு அவசரமாக ஓடத் தொடங்கும் பாகூர், சோரியாங்குப்பம் பக்கத்துக் கிராம இளைஞர்கள் மறுசாரார். தேதி நெருங்குவதால் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடும் இவர்கள்மீதே கூடுதல் அக்கறை தேவை.

ஓட்டத்தை அடியோடு நிறுத்தினால் வலி அடங்கும். மீண்டும் ஓடினால் திரும்பும். தூரத்தைக் குறைத்து, வலி கூடாத அளவில் ஓடிக்கொண்டே தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்துவதே சரியான வழி. அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியின் பளு குறைகிறது என்பது 2011இல் அளந்து காட்டப்பட்டது. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல் 1986இல் அறிமுகப்படுத்திய சில்லின்மேல் ஒட்டுநாடா ஒட்டும் முறை, பயிற்சி செய்ய முடியும் அளவுக்கு வலியைத் தணிக்கும்.

முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, நடக்கையில் மடிந்து விழச்செய்தாலோ இது வேறு பாதிப்பு. கோரிமேட்டிலுள்ள ஜிப்மரின் எலும்பு மருத்துவப் பிரிவு போன்ற இடங்களில் காட்ட வேண்டும்.