ஈதெல் வாட்டர்ஸ் அம்மையார்

ஜாஸ் என்னும் அமெரிக்கச் சங்கீதத்தைக் கேட்டறியாதார் இக்காலத்தில் அரியர். அதனைப் பாடிப் புகழடைந்த கறுப்பின மாதருள் ஈதெல் வாட்டர்ஸ் அம்மையாரைப்போல் பல துறைகளிலும் புகுந்து வென்றவர் வெகு சிலரே.

இவர் 1896-ம் ஆண்டில் பென்சில்வேனியா மாகாணத்துச் செஸ்டர் நகரில் கொடிய வறுமையிற் பிறந்தார். பிலடெல்பியாவில் ஓர் ஓட்டலில், வாரத்துக்கு ஐந்து டாலருக்கும் குறைந்த கூலிக்கு வேலைக்காரியாக உழைத்தார். பின்னர் மேடையேறி ஊர் ஊராகப் பாடிச் சென்றார். அட்லாண்டாவில் பெஸ்ஸி ஸ்மித் என்ற பேர்பெற்ற பாடகி, தாம் பாடும் விடுதியில் இவர் 'புளூஸ்' என்னும் சோக கீதங்களைப் பாடலாகாதென்று தடுத்தார். ஈதெல் வாதாடவில்லை, ஜனரஞ்சகமான வேறு மெட்டுக்களைப் பாடினார். அடைக்கப்பட்ட வழியே அவருக்கு மற்றொரு வழியைக் காட்டிற்று எனலாம். 1921-ல் கறுப்பினத்தவரே நடத்திய 'பிளாக் ஸ்வான்' கம்பெனிக்கு இசைத்தட்டுக்களும் பாடிக் கொடுத்தார்.

1933-ம் ஆண்டே அவர் வாழ்வில் முக்கியமானது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 'காட்டன் கிளப்' என்றொரு கேளிக்கை விடுதி இருந்தது. ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர். அமர்ந்து உண்டு ரசிப்போரோ வெள்ளையர். மேடையில் தென்னாட்டுப் பருத்தித் தோட்டத் துரையின் மாளிகையும் அடிமைகளின் குடிசைகளும் அலங்காரமாக அமைக்கப்பட்டிருந்தனவாம்! முன்னோர் பட்ட துயரம் பிறர்க்கு வேடிக்கையாயிற்று. தோட்டங்களை அறிந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்த மேடையில் நின்று அவர் பாடிய 'ஸ்டார்மி வெதர்' நாடெங்கும் பரவிற்று.

அவ்வாண்டிலேயே, இர்விங் பெர்லின் பாட்டமைத்த 'ஆஸ் தவுசண்ட்ஸ் சீர்' என்னும் பிராட்வே நாடகத்தில் வெள்ளை நடிகர்களுக்குச் சமமாக இவர் பெயரும் விளம்பரமாயிற்று. அதில் ஒரு காட்சி. இரவு உணவுக்கு மேஜையை ஒழுங்கு செய்கிறாள் ஒரு தாய். அவள் கணவனைக் கும்பலொன்று கொன்றுவிட்டது. தந்தை இனி வாரார் என்பதைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்வதென அறியாது பாடுகிறாள். சிரித்து மகிழவென்றே வந்த செல்வச் சபையின் முன் இதனைப் பாட எத்துணைத் துணிவு வேண்டும்!

1949-ல் வெளிவந்த 'பிங்க்கி' படத்தில் பாட்டியாக நடித்தமைக்கு ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் குறிக்கப்பட்டது. 1950-ல் நாடக மேடையில் சமையற்காரியாக நடித்தும் பெரும் பாராட்டுப் பெற்றார். ஆயினும் பணம் அவரிடம் தங்கவில்லை. 1957-ல் பில்லி கிரகாம் பாதிரியாரின் நியூயார்க் கூட்டங்களுக்குச் சென்றவர், அங்கே பாடகர் குழுவில் ஒருவராக நின்று பாடத் தொடங்கினார். 1977-ல் காலமானார்.