இடையில் அறுந்த படிப்பும் ராஜகிருகமும்

தாராவித் தமிழர் குடியிருப்புகளில் கையில் நூலேந்திய அம்பேத்கரின் படத்தைக் காணாதவர் இலர். அவருடைய பட்டங்களைப் பெருமையுடன் அடுக்கும் நாம், அப்படிப்பு நடுவே ஒருமுறை அறுந்ததை அதிகம் பேசுவதில்லை.

பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917-இல் இலண்டன் ஆய்வைப் பாதியில் நிறுத்தி அவர் பம்பாய் திரும்பினார். உலகப் போர்க்காலம் அது; தனிக் கப்பலில் அனுப்பிய நூல்கள் கப்பலோடு கடலில் மூழ்கின. 1918-இல் சிடனாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனா தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் கப்பலேறினார். வயது 29, குடும்பப் பொறுப்பு வேறு. ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு 1923-இல் டி.எஸ்சி. பட்டம் கிட்டியது.

மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில், 1930களில் அவர் கட்டிய ராஜகிருகத்தின் மேல்தளத்தில் நூலகம் அமைந்தது. குடும்பம் கீழ்த்தளத்தில் வாழ்ந்தது. நூல்களுக்காகவே எழுந்த வீடு என்றால் மிகையாகாது.

1946-இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, பணிக்குச் செல்வோரும் பயிலும்பொருட்டு வகுப்புகள் காலையில் அமைந்தன. பொருளின்றிப் படிப்பை நிறுத்த நேர்ந்த ஒருவரின் அனுபவம் இவ்வேற்பாட்டில் தெரிகிறது என்பது என் கருத்து.

இறுதி ஆண்டுகளில் நீரிழிவு வாட்டியபோதும் அவர் பாலி மொழியைக் கற்பதை விடவில்லை. இலக்கணம் எழுதினார், அகராதியும் தொகுத்தார். அவை அச்சேறியது 1998-இல், மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவரது எழுத்துகளின் 16ஆம் தொகுதியாக.