வான்கோழியின் ஆட்டம்

வான்கோழி என்றதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் முதலில் வந்து நிற்பது பறவையன்று, ஒரு வசை. மயிலின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன்னையும் மயிலென எண்ணி ஆடப் புகுந்த வான்கோழியை, கல்வியில்லாதவன் இயற்றும் செய்யுளுக்கு உவமையாக்கினார் மூதுரை பாடிய ஔவையார். பள்ளிக்கூடத் திண்ணையிலிருந்து அரசியல் மேடை வரை அவ்வுவமை இன்றும் செலாவணியில் இருக்கிறது. தகுதிக்கு மீறி ஆசைப்படுகிறவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் நமக்கு வான்கோழி போதும்.

சென்ற டிசம்பரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்காக ஆரணிக்கு அருகே ஒரு கொல்லைமேட்டுப் பண்ணைக்குப் போய் ஒரு சேவல் வாங்கினேன். மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லையில் இருபது முப்பது வான்கோழிகள் அவிழ்த்து விடப்பட்டிருந்தன. உதிர்ந்த பருப்பு, புல், பூச்சி, நத்தை என்று கண்டதையெல்லாம் கொத்திக்கொண்டு அவை கூட்டமாக நகர்ந்தன. "கூண்டுல அடைச்சுத் தீவனம் போட்டா எடை சீக்கிரம் ஏறும் சார். ஆனா மேய்ஞ்சு வளந்ததுக்குத்தான் ருசி" என்றார் பண்ணைக்காரர். வான்கோழி முட்டை பொரிய இருபத்தெட்டு நாள் ஆகும், சாதாரணக் கோழியைவிட ஒரு வாரம் கூடுதல். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள் தீனி தின்னவே பழக்க வேண்டும், இல்லையென்றால் தீனியின் நடுவிலேயே பட்டினி கிடந்து செத்துப்போகும் என்றும் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு சேவல் வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசியபடி வட்டமிட்டது. அதன் தலையும் கழுத்தும் சிவப்பாகவும் நீலமாகவும் மாறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மயில் எதுவும் இல்லை.

இதை ஒட்டிய கேள்வி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருக்கிறான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன். "ஐயா, எங்க வீட்டு வான்கோழி மயிலைப் பார்த்ததே இல்லையே, அப்புறம் எப்படி அதைப் பார்த்து ஆடும்?" வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடுவோர் பறவை நூலோடு வரலாற்று நூலையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

இன்று நாம் வான்கோழி என்றழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. மெக்சிகோவின் பழங்குடிகள் அதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுப் பறவையாக்கியிருந்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐரோப்பியருக்கே தெளிவில்லை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியோடு சேர்த்து 'டர்க்கி' என்றனர். துருக்கியரோ இந்தியாவோடு சேர்த்து 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரரின் 'தேந்த்' என்னும் சொல்லுக்கும் இந்தியாவிலிருந்து வந்தது என்பதே அடிப்பொருள். டச்சுக்காரர் நம் கோழிக்கோட்டின் பெயரால் 'கல்கூன்' என்றனர். அச்சொல்லே அவர்களோடு இலங்கைக்குப் போய்ச் சிங்களத்தில் 'களுகுமா' ஆயிற்று. மலாய்க்காரருக்கோ அது 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக் கோழி. ஒவ்வொரு மொழியும் அதை இன்னொருவர் வீட்டுப் பறவை என்றே பெயரிட்டு ஒதுக்கியிருக்கிறது!

இந்தியாவில் இப்பறவையைப் பற்றிய புகழ்பெற்ற பதிவு ஜஹாங்கீருடையது. 1612இல் முகர்ரப் கான் போர்த்துகீசியரின் கோவாவிலிருந்து வாங்கிவந்த விந்தை உயிர்களில் வான்கோழியும் ஒன்று. பேரரசர் அதை வியந்து பார்த்துத் தம் நினைவுக்குறிப்பில் விரிவாக எழுதினார். பெண்மயிலைவிடப் பெரியது, ஆண்மயிலைவிடச் சிறியது. களிப்பு வந்தால் மயிலைப் போலவே தோகை விரித்து ஆடுகிறது. தலையும் கழுத்தும் பவளமாய்ச் சிவந்து, பஞ்சாய் வெளுத்து, பச்சோந்தி போல் நிறம் மாறுகின்றன என்பது அவர் குறிப்பின் சாரம். அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஔவையார் ஒப்பிட்ட அதே இரு பறவைகளைத்தான் ஜஹாங்கீரும் ஒப்பிடுகிறார். ஆனால் அவருடைய ஒப்பீட்டில் இகழ்ச்சி இல்லை. வியப்பு மட்டுமே இருக்கிறது.

இனி மூதுரைக்கு வருவோம். நீதிநூல்கள் பாடிய ஔவையாரைச் சோழர் காலத்தவர் என்பது வழக்கம். அக்காலத்தில் அமெரிக்கப் பறவை இங்கே வந்திருக்க வழியில்லை. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் நாம் ஏற்க முடியும். அச்செய்யுள் போர்த்துகீசியர் வந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். அல்லது 'வான்கோழி' என்னும் பழஞ்சொல் முன்பு வேறொரு நாட்டுப் பறவையைக் குறித்திருந்து, பிறகு புதிதாக வந்த பறவைக்கு இடம் மாறியிருக்க வேண்டும். முதல் வழிக்குத் துணை நிற்பது உவமையின் பொருத்தம். சிறகு விரித்து ஆடும் கோழி என்னும் காட்சி இப்பறவைக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் வழிக்குத் துணை நிற்பது தமிழின் இயல்பு. அமெரிக்காவிலிருந்து வந்த காரக்காய்க்கு நாம் புதுப்பெயர் தேடவில்லை. பழைய மிளகையே எடுத்து மிளகாய் என்றோம். அதே கண்டத்திலிருந்து வந்த கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்லி, எங்கள் வடாற்காட்டு வாயில் மல்லாட்டை ஆக்கிக்கொண்டோம். பழஞ்சொல் புதுப்பொருளை ஏற்பது நமக்குப் புதிதன்று. செய்யுளில் வரும் 'கான மயில்' என்னும் தொடரும் இத்தகையதே. உரைகாரர் அதைக் காட்டுமயில் என்கின்றனர். இன்றைய பறவை நோக்கர்களோ வறண்ட புல்வெளிகளில் வாழ்ந்து இப்போது அழிவின் விளிம்பில் நிற்கும் வேறொரு பெரும்பறவையைக் கானமயில் என்றழைக்கின்றனர். ஒரு நான்கடிச் செய்யுளின் இரு பறவைகளுமே இப்படி விவாதத்துக்கு உரியனவாக நிற்கின்றன. நூலின் காலத்தை ஆராய்வோர் சொல்லையும் யாப்பையும் நோக்குவது போலவே பறவையையும் பயிரையும் நோக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பறவையின் கதை இத்துடன் முடியவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் வான்கோழி என்றோர் இனத்தை உருவாக்கியது. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வெள்ளை இனத்தையும் இங்குள்ள நாட்டுக் கறுப்பு இனத்தையும் கலந்து பெற்றது அது. 'நாட்டு' என்னும் அடைமொழியை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வந்த பறவை சில நூற்றாண்டுகளில் நாட்டுப் பறவையாகிவிட்டது. வசை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆரணிப் பட்டின் கரையில் மயில் உண்டு, அன்னம் உண்டு, யாளி உண்டு. வான்கோழி நெய்த சேலையை நான் கண்டதில்லை. அந்த மயிலைக் கட்டக்கட்டமாகத் தாளில் பிரித்து, ஜக்கார்டு அட்டையில் துளையாக்கி, இழை பிசகாமல் நெய்கிறவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் இருந்தவர்கள் அல்லர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கல்லாதவன் ஆக்கம் வான்கோழியின் ஆட்டம் என்று நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம்.

அச்செய்யுளைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. போலிப் புலமையை இடித்துரைக்க அதற்குத் தகுதி உண்டு. ஆனால் பறவையின் வரலாற்றையும் சேர்த்தே நடத்த வேண்டும். விலங்கியலார் மயிலையும் வான்கோழியையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். வான்கோழிக் குஞ்சு பொரித்த சில நாள்களிலேயே, எவரும் கற்பிக்காமல், தன் சின்னஞ்சிறு வாலை விரித்துக் காட்டும். மயிலே இல்லாத மெக்சிகோவின் காடுகளில் அதன் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகள் ஆடியிருக்கின்றனர். அந்த ஆட்டம் எதனிடமிருந்தும் கடன் வாங்கியதன்று. மாணவனின் கேள்விக்கு வரலாறு தரும் விடை இதுவே.

உங்கள் ஊர்ப்பக்கம் வான்கோழி என்னும் பெயர் வேறு ஏதேனும் பறவைக்கு வழங்கியதாக முதியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் அன்புகூர்ந்து எழுதுங்கள். இரண்டு வழிகளில் எது சரி என்பதை முடிவு செய்ய அத்தகைய ஒரு சொல் போதுமானதாக இருக்கலாம்.