கசியும் வீடுகள் நெருக்கடி (நியூசிலாந்து)

நியூசிலாந்தில் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட பல்லாயிரம் வீடுகளின் சுவர்களுக்குள் மழைநீர் புகுந்து, மரச்சட்டங்கள் மக்கி, பூஞ்சணம் பரவியது. இதுவே கசியும் வீடுகள் நெருக்கடி எனப்படுகிறது. ஆக்லாந்து மிகுதியாகப் பாதிக்கப்பட்டது.

1991-ஆம் ஆண்டின் கட்டிடச் சட்டம், எப்படிக் கட்டவேண்டும் என்று வரையறுக்காமல், கட்டிடம் எப்படிப் பயன்தர வேண்டும் என்பதையே முதன்மையாக்கியது. அதே காலத்தில் மத்தியதரைக்கடல் பாணி வீடுகள் நாகரிகமாயின. தட்டையான கூரை, வழுவழுப்பான பூச்சுச் சுவர், சுவரைத் தாண்டி நீளாத கூரை விளிம்பு. வெயில் நாட்டுக்கு உகந்த இவ்வடிவம் ஆக்லாந்தின் மழைக்கு ஒவ்வாதது. சாளர ஓரங்களிலும் மாடிமுகப்பு இணைப்புகளிலும் நீர் இறங்கியது. வெளிப்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று இடைவெளி விடப்படாததால் இறங்கிய நீர் உலர வழியில்லை. முன்பு போரான் உப்பேற்றிய பைன் மரமே சட்டமாக இருந்தது. 1990-களின் நடுவில் உப்பேற்றாத, சூளையில் உலர்த்திய மரமும் அனுமதிக்கப்பட்டது. இந்தத் தளர்வு இல்லாதிருந்தால், கசிவு இருந்தும் இவ்வளவு அழிவு நேர்ந்திராது என்றே தோன்றுகிறது.

2002-இல் டான் ஹன் தலைமையிலான குழு அறிக்கை அளித்தது. 2004-இல் புதிய கட்டிடச் சட்டம் வந்தது. உப்பேற்றிய மரமும் திரும்பியது.

அடி விழுந்தது பெரும்பாலும் வீட்டை வாங்கியவர்கள் மீதுதான். வெளியிலிருந்து பார்த்தால் புதுப்பூச்சுச் சுவர் பளிச்சென்றிருக்கும். சுவரைப் பிரித்தபோது சில வீடுகளில் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கறுப்புப் பூஞ்சணம் காணப்பட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா முதலிய மூச்சுத் தொல்லைகள் கூடுதல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எடுத்துரைத்தது. வழக்குத் தொடரப் பத்தாண்டு வரம்பு உண்டு. அது கசிவைக் கண்ட நாளிலிருந்து அல்ல, கட்டுமானப் பணி நடந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அதற்குள் பல கட்டுமான நிறுவனங்கள் கலைக்கப்பட்டுவிட்டன; இழப்பீட்டுச் சுமை நகரமன்றங்கள் மீது சாய்ந்தது.

2009-ஆம் ஆண்டின் ஒரு மதிப்பீடு பாதிக்கப்பட்ட வீடுகள் 42,000 என்றும், செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்றும் கூறியது. 2010-இல் அறிவிக்கப்பட்ட உதவித் திட்டத்தில் அரசு கால் பங்கும் நகரமன்றம் கால் பங்கும் ஏற்க, பாதிச் செலவு உரிமையாளருடையதாக இருந்தது. உதவி பெற்றவர் அவ்விரண்டின் மீதும் வழக்குத் தொடர முடியாதிருந்தது.

அக்கால வீடுகள் இன்றும் கைமாறுகின்றன. புதிதாகக் குடியேறி வீடு வாங்குவோர் நகரமன்றத்திடம் எல்ஐஎம் எனப்படும் நில விவர அறிக்கை கேட்டுப் பெறலாம். ஆனால் நகரமன்றத்துக்குத் தெரிந்த கசிவே அதில் இருக்கும். சுவருக்குள் உள்ளதை அறிய, துளையிட்டு ஈரமானி செலுத்திச் சோதிக்க வேண்டும். அதற்கு விற்பவர் இசைய வேண்டும்.