தமிழில் ஆவண வடிவூட்டல்: தட்டச்சுப்பொறி முதல் ஒருங்குறிச் சொற்செயலி வரை

ஆய்வுச் சுருக்கம்

சொற்செயலியில் ஆவணம் வடிவமைக்கக் கற்பது, எழுத்தளவு, தடித்த எழுத்து, பத்தி ஒழுங்கு, தலைப்பு முதலியவற்றைப் பழகுவதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் இக்கல்விக்குத் தனியொரு வரலாறு உண்டு. தட்டச்சுப்பொறியில் வடிவம் இடக்கணக்காக இருந்தது. பழைய எழுத்துருக் குறியேற்றங்களின் காலத்தில், வடிவத்தின் ஒரு கூறாகிய எழுத்துருவே எழுத்தின் அடையாளத்தையும் சுமந்தது. ஒருங்குறியின் வருகைக்குப் பின்னரே இவ்விரண்டும் பிரிந்தன. இம்மூன்று நிலைகளையும் ஆராயும் இக்கட்டுரை, முந்தைய நிலைகளின் பழக்கங்கள் இன்றைய ஆய்வேடுகளில் தொடர்வதையும் அதன் விளைவுகளையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சொற்செயலி, வடிவூட்டல், தட்டச்சுப்பொறி, எழுத்துருக் குறியேற்றம், ஒருங்குறி, பாணி.

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றித் தொடர்ந்தெழுதுவதே பெருவழக்கு. சீர் பிரிப்பதும் அடி பிரிப்பதும் படிப்போரின் பயிற்சியைச் சார்ந்திருந்தன. அச்சு நூல்கள் தலைப்பு, பத்தி, நிறுத்தற்குறி ஆகியவற்றைப் பக்கத்தின் மீது கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்தின. எனினும் அச்சுக்காலத்தில் அவ்வேலை பெரும்பாலும் பதிப்பாசிரியரிடமும் அச்சுக்கோப்பவரிடமுமே இருந்தது. நூலாசிரியர் கையெழுத்துப்படியை ஒப்படைத்தார். எழுத்தளவையும் ஓரத்தையும் அச்சகம் முடிவு செய்தது. சொற்செயலி இவ்விரு பணிகளையும் ஒருவரிடமே சேர்த்தது. ஆவண வடிவூட்டல் ஆய்வாளர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடமானது இந்த மாற்றத்தினாலேயே ஆகும்.

தட்டச்சுப்பொறி: இடக்கணக்காகிய வடிவம்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் உருவாக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையாவின் பங்கு முதன்மையானது. புள்ளி போன்ற குறிகளை இடுவதற்கு, தாளை நகர்த்தாமல் அச்சிடும் நகரா விசைகள் தமிழ்ப்பொறியில் பயன்பட்டன. குறைந்த எண்ணிக்கையிலான விசைகளில் 247 எழுத்துகளையும் அடக்க இம்முறை துணைநின்றது.

இப்பொறியில் வடிவம் முழுவதும் எண்ணிக்கையால் அமைந்தது. தலைப்பை நடுவில் அமைக்க வேண்டுமெனில், அதன் எழுத்துகளையும் இடைவெளிகளையும் எண்ணி, தாளின் மையத்திலிருந்து அவ்வெண்ணிக்கையில் பாதியளவு பின்னகர வேண்டும். நகரா விசையால் இடப்படும் புள்ளி இக்கணக்கில் சேராது. பத்தியின் தொடக்கம் இடைவெளி விசையின் குறிப்பிட்ட அழுத்தங்களால் அமைந்தது. வரியின் முடிவைத் தட்டச்சரே தீர்மானித்தார். தடித்த எழுத்து இல்லாமையால் அடிக்கோடே அழுத்தம் தந்தது. தமிழகத்தில் நடைபெறும் அரசு தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வுகளில் வேகத்தாளுடன், கடிதத்தையும் பட்டியலையும் முறைப்படி அமைக்கும் தாளும் இடம்பெறுகிறது. தமிழில் ஆவண வடிவூட்டல் ஒரு பாடமாக முறையாகக் கற்பிக்கப்பட்டது இத்தட்டச்சுக் கல்வியில்தான் எனலாம்.

சொற்செயலியின் இருவேறு மரபுகள்

கணினியில் ஆவணம் உருவாக்கும் முறை இரு மரபுகளாக வளர்ந்தது. முதலாவது, உரையின் உறுப்புகளுக்குப் பெயரிடும் மரபு. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர் வகுத்த குறிப்பு மொழியில், ஒரு தொடரை 'இது தலைப்பு' என்று குறித்தாலே போதும்; அது எவ்வளவு பெரிதாக அச்சாக வேண்டும் என்பது வேறிடத்தில் தீர்மானிக்கப்படும். இம்மரபு 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று.

இரண்டாவது, கண்ணால் காண்பதையே தாளில் பெறும் மரபு. 1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய பிராவோ என்னும் செயலி இதன் முன்னோடி. 1978இல் வெளிவந்த வேர்டுஸ்டார் போன்றவற்றில் பயனர் கட்டளைக்குறிகளை உரைக்குள் இட வேண்டியிருந்தது. பிராவோவின் வழிவந்த செயலிகளில் அவர் வடிவத்தையே திரையில் கண்டார். சிமோனி 1981இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். வேர்டு 1983இல் வெளிவந்தது. வேர்டில் இவ்விரு மரபுகளும் உடனுறைகின்றன. ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கித் தடிப்பாக்கலாம். அல்லது 'தலைப்பு 1' என்னும் பாணியை அதற்கு வழங்கலாம். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கோப்பினுள் முன்னது தோற்றம் மட்டுமே. பின்னது உரையின் அமைப்பைப் பற்றிய கூற்று.

எழுத்துருவே எழுத்தான காலம்

ஆங்கிலப் பயனருக்கு எழுத்துருவை மாற்றுவது தோற்றத்தை மாற்றுவதே. தமிழ்ப் பயனருக்கு நெடுங்காலம் அவ்வாறு அமையவில்லை. இயங்குதளங்களில் தமிழுக்கு இடமில்லாத நிலையில், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் தோன்றின. பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்று. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தோன்றும் சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பதிவாகியிருக்கும். அதனைத் தமிழாக்கியது எழுத்துரு என்னும் வடிவூட்டல் மட்டுமே.

இதன் விளைவுகள் வடிவூட்டக் கற்போரை நேரடியாகத் தாக்கின. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து வேறோர் எழுத்துருவுக்கு மாற்றினால், உரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாயிற்று. தொடரின் முதலெழுத்தைத் தானாகப் பேரெழுத்தாக்கும் திருத்த வசதி தமிழிலும் குறுக்கிட்டது. பாமினியில் 'அ'வுக்குரிய எம் என்னும் சிற்றெழுத்து பேரெழுத்தானால் 'ஆ' ஆகிவிடும். 'அவர்' என்று தொடங்கிய தொடர் 'ஆவர்' என்று மாறி நின்றது. அதுவும் தமிழ்ச்சொல்லே ஆதலின் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கும் எளிதில் தப்பக்கூடியது. கோப்பினை வெற்றுரையாகச் சேமித்தாலோ எழுத்துருக் குறிப்பு நீங்கி, எது தமிழ், எது ஆங்கில மேற்கோள் என்று பிரித்தறியும் அடையாளமே அழிந்தது. வடிவம் நீங்கினால் உரையும் நீங்கும் என்னும் நிலை அது.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. குறியேற்றங்களின் பெருக்கத்தை ஒழுங்குபடுத்த அது முயன்றதெனினும், எழுத்துருவைச் சார்ந்தே தமிழைப் படிக்க வேண்டிய நிலை அதனால் முற்றிலும் நீங்கவில்லை.

ஒருங்குறியும் பாணிகளும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் அதனைப் பொதுப் பயனரிடம் கொண்டு சேர்த்தது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. ஒருங்குறியில் 'த' என்பது எவ்வெழுத்துருவிலும் 'த' ஆகவே நிற்கும். பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பதன் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் பதிவாயின. ஒருங்குறியில் மெய்க்குரிய எழுத்தை உயிர்க்குறி தொடர்கிறது. பதிவுமுறை தோற்றத்தை விடுத்து ஒலிமுறையைத் தழுவியது. எழுத்துரு வெறும் தோற்றமாகத் தமிழில் மாறியது அப்போதுதான்.

ஆயினும் பழக்கங்கள் குறியேற்றத்துடன் மாறிவிடவில்லை. இடைவெளி விசையால் தலைப்பை நடுவில் நிறுத்துவதும், நுழைவு விசையைப் பலமுறை அழுத்திப் புதிய பக்கத்தை அடைவதும் தட்டச்சுப்பொறியின் எச்சங்கள். இயல் தலைப்பைக் கையால் தடிப்பாக்குவது, எழுத்துரு ஒன்றே வடிவம் எனக் கருதிய காலத்தின் எச்சம். அவ்வாறு உருவான ஆய்வேட்டில் பொருளடக்கத்தின் பக்க எண்களைக் கையால்தான் இட வேண்டும். முதல் இயலில் ஒரு பத்தி கூடினாலும் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பாணிகளைக் கையாண்ட கோப்பில் செயலியே பொருளடக்கத்தைத் தொகுக்கும். வேர்டின் எழுத்துரு அமைப்பில் தமிழ் உள்ளிட்ட சிக்கலான வரிவடிவங்களுக்கு எழுத்துருவும் அளவும் தனியே குறிக்கப்படுகின்றன. இதனை அறியாதோர், பாணியை மாற்றியும் தமிழ்த் தலைப்பு மாறாதது கண்டு மீண்டும் கைமுறைக்கே திரும்ப நேர்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டை மின்வடிவில் ஒப்படைக்க வகைசெய்தன. அவ்வாறு சேர்ந்தவற்றுள் பழைய எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகள் படிப்பதற்கு உரியனவாக இருந்தும், தமிழ்ச்சொல்லால் தேடுவோர்க்கு அகப்படுவதில்லை. ஒரு பாடவேறுபாட்டையோ கல்வெட்டுச் சொல்லையோ முன்னரே ஆராய்ந்த ஆய்வேடு இருப்பதை அறியாமல், அடுத்த ஆய்வாளர் அதே உழைப்பை மீண்டும் மேற்கொள்ள வாய்ப்புண்டு.

முடிவுரை

தமிழில் ஆவண வடிவூட்டலின் வரலாறு, உரையையும் அதன் தோற்றத்தையும் பிரித்தறிந்த வரலாறாகும். எழுத்து நிலையில் அப்பிரிவை ஒருங்குறி நிறைவேற்றியது. ஆவண நிலையில் அதனைப் பாணிகளே நிறைவேற்ற இயலும். முனைவர் பட்டப் பாடப்பணியில் ஆய்வு நெறிமுறையுடன் சொற்செயலிப் பயிற்சியும் இடம்பெறுமாயின், அது தடித்த எழுத்திலிருந்து தொடங்காமல் ஒருங்குறியிலும் தலைப்புப் பாணியிலும் இருந்து தொடங்குவது தகும். பழைய எழுத்துருக்களில் உறையும் ஆய்வேடுகளின் மூலக்கோப்புகளை, எழுத்துருக் குறிப்பு அழியுமுன் ஒருங்குறிக்கு மாற்றுவதும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டிய பதிப்புப் பணியே ஆகும்.