நெருப்புக் குதிரை ஆண்டு

ஆண்டுகளை அறுபது அறுபதாக எண்ணும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணி வருவது போலவே சீனரும் எண்ணி வந்துள்ளனர். நமது இப்போதைய சுற்று 1987-இல் தொடங்கிற்று, அவர்களுடையது 1984-இல். நாம் ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டினோம். அவர்களோ ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கையும் ஒரு பூதத்தையும் உரிமையாக்கினர்.

எலி, எருது, புலி, முயல், டிராகன் என்னும் பெருநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என விலங்குகள் பன்னிரண்டு. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தும் இரண்டிரண்டு ஆண்டுகள் நின்று, பத்தாண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும். பத்துப் பல் சக்கரமும் பன்னிரண்டு பல் சக்கரமும் இணைந்து சுழன்றால், புறப்பட்ட நிலைக்கு மீள அறுபது ஆண்டுகள் ஆகும். ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கம் 4 அல்லது 5 ஆயின் மரம். 6, 7 நெருப்பு. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். சீனப் புத்தாண்டு சனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வருவதால், அதற்கு முன் பிறந்தோர் முந்திய ஆண்டையே சேர்வர்.

இவ்வெண்ணிக்கை முதலில் சோதிடத்துக்கென மட்டும் எழுந்ததன்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஷாங் அரசர் காலத்து எலும்பெழுத்துகளில், இதே அறுபதைக் கொண்டு நாள்களையே குறித்துள்ளனர். விலங்குகள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டவை. 1975-இல் ஹூபே மாநிலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த கி.மு. மூன்றாம் நூற்றாண்டு மூங்கில் ஏடுகளில், குதிரைக்குரிய இடத்தில் மான் நிற்கிறது! அவ்வேடுகள் கூறுவதும் பிறந்த பலனன்று. எந்த நாளில் திருடியவன் எவ்விலங்கின் சாயலுடையவனாய் இருப்பான் என்பதே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சுங் என்னும் அறிஞர், நீர் நெருப்பை வெல்லுமாயின் நீருக்குரிய எலி நெருப்புக்குரிய குதிரையை ஏன் துரத்தவில்லை என்று வினவினார். அவ்வினாவுக்கு இன்றுவரை தக்க விடை வந்ததாக யான் அறியேன்.

சீனத்திலிருந்து இம்முறை ஜப்பானுக்குச் சென்றது. குதிரையே நெருப்பின்பாற்பட்டது; அதனுடன் நெருப்பு ஆண்டும் கூடினால் நெருப்பின்மேல் நெருப்பு. அவ்வாண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாள் என்னும் நம்பிக்கை எடோ காலத்தில் அங்கு வேரூன்றியது. காதலனை மீண்டும் காணும் ஆவலால் தீ வைத்து, 1683-இல் மரண தண்டனை பெற்ற ஓஷிச்சி என்ற காய்கறி வணிகர் மகள், 1666-ஆம் ஆண்டு நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்று பிற்காலத்தார் கூறினர். கதைகளும் நாடகங்களும் அதனை மேலும் பரப்பின. மூல நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் நம்மவர்க்கு இது வியப்பாய் இராது.

1906-இல் அவ்வாண்டு மீண்டது. நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்க்குப் பிறந்த தேதி என்பது பதிவேட்டில் ஏறியதுதான். இதனை ஜப்பானியப் பெற்றோரும் அறிந்திருந்தனர். நூறு பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகள் 1905-இலும் 1907-இலும் ஏறத்தாழ 103. இடைப்பட்ட 1906-இல் மட்டும் 109. பெண்களில் பலரை முன்னாண்டிலோ பின்னாண்டிலோ பதிந்துவிட்டனர் என்பது தெளிவு. அவ்வாறு தப்பாத பெண்கள் மணப்பருவம் எய்தியபோது, பல வீடுகளில் அவர்களைக் கொள்ள மறுத்தனர்.

அடுத்த நெருப்புக் குதிரை 1966. அதிவேகத் தோக்கைடோ ஷிங்கான்சென் இரயில் ஓடத் தொடங்கி ஈராண்டாகியிருந்த நாடு அது! ஆயினும் 1965-இல் 18 இலட்சத்து 24 ஆயிரமாயிருந்த பிறப்புகள் 1966-இல் 13 இலட்சத்து 61 ஆயிரமாய் வீழ்ந்து, 1967-இல் 19 இலட்சத்து 36 ஆயிரமாய் எழுந்தன. போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லை. கருத்தடையாலும் கருக்கலைப்பாலும் நிகழ்ந்தது இது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என அன்று முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் பெண்ணைக் கருதிய அச்சம் ஆண் பிள்ளைகளின் பிறப்பையும் உடன் குறைத்தது.

அவ்வாண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.58 எனக் கணக்கிட்டனர். எந்தத் தீய ஆண்டின் துணையுமின்றி, 1989-இல் அது 1.57 ஆயிற்று, அரசினர் திடுக்கிட்டனர். 2024-இல் அங்குப் பிறந்த குழந்தைகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. அனைவரும் அஞ்சி ஒதுங்கிய 1966-இல் பிறந்தோர் அதனினும் ஏறக்குறைய இரு மடங்கினர்.