ஊட்ஹெட் மலைக்குள் மாண்டவர்கள்



இரயில் வண்டியின் வரலாறு என்றாலே ஸ்டீபன்சன் பெயரோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். அவ்வண்டி செல்ல மலையைக் குடைந்தவர் எவர் என்று மாணவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அவர்களைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைக்கும் இருப்புப்பாதைக்காகப் பென்னைன் மலைத்தொடரில் குடையப்பட்டது ஊட்ஹெட் சுரங்கப்பாதை. நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். 1838-இல் தொடங்கிய பாதைப்பணி 1845 டிசம்பரில் நிறைவுற்றது. ஒரு கட்டத்தில் 1,500 பேர் வரை அங்கே உழைத்தனர். குளிர்காற்று வீசும் மேட்டுநிலத்தில், தாமே எழுப்பிய குடிசைகளில் வாழ்ந்தனர். கூலியோ ஒன்பது வாரத்திற்கு ஒருமுறை! அதுவரை சீட்டைக் காட்டி, குறிப்பிட்ட கடையில் அதிக விலைக்குப் பொருள் வாங்கவேண்டும். தோட்டத்துக் கடைக் கடனைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இது புதிதன்று.

முதற்சுரங்கத்தில் 32 பேர் மாண்டனர். 140 பேர் படுகாயமுற்றனர். காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள். பாறையில் துளையிட்டு, வெடிமருந்தைத் திணித்து, கோலால் இடித்து இறுக்குவர். இரும்புக் கோல் பாறையில் உரசினால் தீப்பொறி பறக்கும். செம்புக் கோலில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆயினும் இரும்பே புழங்கிற்று. பாதுகாப்பான வெடித்திரியைப் பயன்படுத்தினால் நேரம் வீணாகும் என்று பொறியாளர் ஒருவர், 1846-இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் கூசாமல் சாட்சியம் அளித்தார்.

எட்வின் சாட்விக் எனும் சீர்திருத்தவாதி கணக்கிட்டுக் காட்டினார்: தொழிலாளருள் 3 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மடிந்தனர், வாட்டர்லூ போரில் படைவீரர் மாண்ட விகிதம் இதைவிடக் குறைவு. விழுக்காட்டுப் பாடத்தில் இக்கணக்கையே நான் கரும்பலகையில் எழுதுவதுண்டு. வகுப்பு அமைதியாகிவிடும்.

விபத்துக்கு முதலாளியே பொறுப்பேற்கவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றமோ அவ்வறிக்கையை விவாதிக்கவே இல்லை. 1847-இல் பக்கத்திலேயே இரண்டாம் சுரங்கம் தொடங்கிற்று. 1849-இல் காலரா அங்கே 28 பேரைக் கொண்டுபோயிற்று.

அதே ஆண்டுகளில் யார்க்‌ஷியரில் பிராம்ஹோப் சுரங்கமும் உயிர்களைக் குடித்தது. அங்கு மாண்டவர்க்கு ஓட்லி தேவாலய வளாகத்தில், சுரங்க வாயிலையே சிறிதாகக் கல்லில் வடித்து நினைவுச்சின்னம் அமைத்துள்ளனர். ஒப்பந்தக்காரர் ஜேம்ஸ் பிரேயுடன் உடன் உழைத்த தொழிலாளரும் அதன் செலவை ஏற்றனர் என்று அக்கல்லே கூறுகிறது. லீட்ஸிலிருந்து ஹாரோகேட் செல்லும் இரயில் இன்றும் அச்சுரங்கத்தின் வழியாகத்தான் போகிறது.